சிறைக்கூடத்தில் எழுந்த அரபு எழுத்து

யூசுஃப் நபி (அலை) அவர்கள் சிறையில் இருந்த வரலாற்றை ஓதாத முஸ்லிம் இல்லம் இராது. கனவுக்கு விளக்கம் கேட்ட இருவருள் விடுதலை பெறவிருந்தவனிடம், தம்மைப் பற்றி அவனுடைய எசமானனிடம் எடுத்துரைக்குமாறு அவர்கள் கூறினார்கள். வெளியே சென்றவன் அதை மறந்துவிட்டான். குற்றம் செய்யாத அந்தப் பெருமகனார் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே தங்கியிருக்க நேர்ந்தது. இவ்வரலாற்றைத் திருமறை கூறும் பாங்கை எண்ணிப் பார்க்குந்தோறும் ஓர் உண்மை புலனாகின்றது. உள்ளே ஒருவர் இருக்கின்றார் என்பதை வெளியே இருப்போர் மறந்துவிடுதலே சிறைவாசத்தின் கொடுமைகளுள் பெரிது.

மறதிக்கு மருந்து எழுத்து. எனவே, சிறை தோன்றிய நாடுகளில் எல்லாம் சிறைக்கான ஏடும் தோன்றிற்று. ஆனால் அந்த ஏடு யாருக்காக எழுதப்படுகின்றது? கைதிக்காகவா, அவரைப் பிடித்து வைத்திருப்போருக்காகவா? அமெரிக்க மண்ணில், கவுண்டி எனப்படும் வட்டாரங்களின் சிறைகளில் அடைபட்ட இரு முஸ்லிம் அறிஞர்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் சொல்லி அழைக்கும் ஏடு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் தனிச் சிறைக்கூடம் இருந்ததில்லை. பிடிபட்டு வந்த துமாமா என்னும் தலைவர் பள்ளிவாசல் தூண் ஒன்றில் கட்டப்பட்டிருந்தார். பெருமானார் (ஸல்) நாள்தோறும் அவரிடம் வந்து, பெயர் சொல்லி அழைத்து, அவர் கருத்தைக் கேட்டார்கள். மூன்றாம் நாள் விடுவித்தார்கள். பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், மக்காவில் ஸஃப்வான் இப்னு உமையாவின் வீடு சிறைக்கென விலைக்கு வாங்கப்பட்டது.

ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜ் என்னும் நூலில் சிறைவாசிகளைப் பற்றியும் அறிவுரை கூறியுள்ளார்கள். கைதிகள் சங்கிலியோடு தெருவில் வந்து இரந்துண்ணும் நிலை கூடாது. ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 10 திர்ஹம் அளித்திட வேண்டும். கோடைக்கும் குளிருக்கும் உடை தரவேண்டும். நற்குணமுடைய ஒருவரை நியமித்து, சிறையில் இருப்போர் பெயர்களை அவர் எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அமர்ந்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, அவரவர் கையிலேயே பணத்தை ஒப்படைக்க வேண்டும். உற்றார் இல்லாத கைதி இறந்துபோனால் பைத்துல்மால் செலவில் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைத்து அடக்க வேண்டும். புதிதாகப் பதவி ஏற்கும் காஜி முதலில் சிறைவாசிகளின் பட்டியலை வாங்கி, யார் எதற்காக அடைபட்டுள்ளார் என ஆராய வேண்டும் என்பதும் நம் சட்ட அறிஞர்கள் வகுத்த முறையாகும்.

இவ்வறிவுரைகள் எல்லாக் காலத்திலும் எல்லா அரசர்களாலும் கடைப்பிடிக்கப்பட்டன என்று நாம் பெருமை பேச வரவில்லை. கடைப்பிடிக்கப்படாமையைக் கண்டுதானே இமாம் அவர்கள் எழுத நேர்ந்தது! எனினும், கைதியின் பெயரை எழுதுவது அவருக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பதற்காகவே என்னும் கருத்து அந்நூலில் தெளிவாக உள்ளது. இதனை ஓர் அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம்.

கவுண்டியும் ஷெரீஃபும்

கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு. அதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. கி.பி. 1166இல் மன்னர் இரண்டாம் ஹென்றி பிறப்பித்த கிளாரண்டன் ஆணை, சிறை இல்லாத வட்டாரங்களில் சிறை கட்டுமாறு பணித்தது. அச்சிறைகளுக்குப் பொறுப்பாளர் ஷெரீஃப். இச்சொல் நம் செவிக்கு 'ஷரீஃப்' என்னும் அரபுச் சொல்லை நினைவூட்டக் கூடும். ஆயினும் இரண்டுக்கும் உறவு இல்லை. 'ஷயர்' என்னும் வட்டாரத்தின் 'ரீவ்', அதாவது மேலாளர், என்னும் பழைய ஆங்கிலச் சொற்கள் இணைந்து மருவியதே அப்பதவிப் பெயர்.

இச்சிறைகள் தண்டனை அனுபவிக்கும் இடங்களாக இருந்ததைவிட, வழக்கு விசாரணைக்கு வரும்வரை ஆளைப் பிடித்து வைக்கும் இடங்களாகவே மிகுதியும் இருந்தன. சிறைக்காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதியிடமிருந்து பெறும் கட்டணமே அவர் பிழைப்பு. உள்ளே வரக் கட்டணம், படுக்கைக்குக் கட்டணம், வெளியேறக் கட்டணம்! 1773இல் பெட்ஃபோர்டுஷயரின் ஷெரீஃபாகப் பதவி ஏற்ற ஜான் ஹோவர்டு, நிரபராதி எனத் தீர்ப்புப் பெற்றவர்களும் கட்டணம் கட்ட வழியின்றி மீண்டும் சிறைக்கே இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டு திடுக்கிட்டார். ஊர் ஊராகச் சென்று சிறைகளைப் பார்வையிட்டு, 1777இல் அவர் வெளியிட்ட நூலே சிறைச் சீர்திருத்தத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாயிற்று.

ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறியபோது கவுண்டியையும் ஷெரீஃபையும் கட்டணச் சிறையையும் உடன் கொண்டு சென்றனர். அங்கே இம்முறையோடு அடிமை முறையும் சேர்ந்துகொண்டது. ஒருவர் அறிமுகமில்லாத ஊரில், அனுமதிச் சீட்டு இல்லாமல் காணப்பட்டால் போதும். எவரும் அவரைப் பிடித்துக் கவுண்டிச் சிறையில் ஒப்படைக்கலாம். எசமானன் வந்து அழைத்துச் செல்லும்வரை அவர் அங்கே கிடக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளான வெள்ளையர் மீதும் இச்சட்டம் பாய்ந்தது. கறுப்பு மக்கள் மீதோ அதன் முழுப்பாரமும் விழுந்தது.

வட கரோலினா 1741இல் இயற்றிய சட்டம் இதற்குச் சான்று. தப்பி வந்தவர் தம் உடைமையாளர் பெயரைச் சொல்லாவிட்டால், அவருடைய உருவ அடையாளங்களையும் உடையையும் விவரித்து நீதிமன்றக் கதவில் இரண்டு மாதம் அறிவிப்பு ஒட்ட வேண்டும். தேவாலயங்களிலும் அதனை வாசிக்க வேண்டும். பின்னும் எவரும் வராவிட்டால், கழுத்தில் இரும்பு வளையம் பூட்டி அவரைக் கூலி வேலைக்கு விடலாம். பொதுச்சிறையின் உடைமை என்பதைக் காட்டும் இரண்டு எழுத்துகள் அவ்வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆக, இங்கும் ஏடு இருந்தது, எழுத்து இருந்தது. ஆனால் அந்த எழுத்து கைதியை அழைக்கவில்லை; அவருக்கு உரிமை கொண்டாடுவோரை அழைத்தது.

மதுக்கடைச் சிறையில் அய்யூப்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய செனகல் நாட்டின் கிழக்கே, புண்டு என்னும் நாடு இருந்தது. அங்கே மார்க்கக் கல்வியில் சிறந்த ஃபுலானி குடும்பம் ஒன்றில் 1701 அளவில் பிறந்தவர் அய்யூப். தந்தை சுலைமான், பாட்டனார் இப்ராஹீம், குடிப்பெயர் ஜாலோ. இளமையிலேயே குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ்.

இவர் பிடிபட்ட கதையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 1731ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காம்பியா ஆற்றங்கரைக்கு வந்திருந்த ஆங்கிலக் கப்பலில் இரண்டு அடிமைகளை விற்று, காகிதமும் பிற பொருள்களும் வாங்கிவருமாறு தந்தை இவரை அனுப்பினார். கப்பல் தலைவர் பைக்கோடு விலை படியவில்லை. ஆற்றைக் கடந்து சென்று அவர்களை விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் இவரே மந்திங்கா கூட்டத்தாரிடம் அகப்பட்டார். தலையையும் தாடியையும் மழித்து, அதே கப்பல் தலைவரிடமே இவரை விற்றுவிட்டனர். மீட்புக்காகத் தந்தைக்கு ஆள் அனுப்பினார். பதில் வருமுன் கப்பல் புறப்பட்டுவிட்டது. காலையில் விற்றவன் மாலையில் விலைப்பொருளானான் என்று கதை கட்டுவோர் சொல்லக்கூடிய நிகழ்ச்சி, இங்கே மெய்யாகவே நிகழ்ந்தது.

மேரிலாந்தில் புகையிலைத் தோட்டம் ஒன்றில் வேலை. உடல் தாங்கவில்லை, மாடு மேய்க்க விட்டனர். தொழுகை நேரம் வந்தால் மாடுகளை விட்டுவிட்டுக் காட்டுக்குள் சென்று தொழுவார். அதனைக் கண்டுகொண்ட ஒரு வெள்ளைச் சிறுவன் தொழும்போது அவரை எள்ளி நகையாடினான். முகத்தில் மண்ணை வாரி இறைத்தான். தம் துயரைச் சொல்லவும் மொழி இல்லாத அய்யூப், காட்டு வழியே ஓடினார். டெலவேர் விரிகுடாவின் கரையில் உள்ள கென்ட் கவுண்டியை அடைந்தபோது பிடிபட்டார். தாம் யார் என்று சொல்ல அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அனுமதிச் சீட்டும் இல்லை. கவுண்டிச் சிறையில் அடைத்தனர்.

அப்போது நீதிமன்ற அலுவலாக அவ்வூருக்கு வந்திருந்த தாமஸ் புளூயட் என்பவர் இவரைப் பற்றிக் கேள்வியுற்று, 1731 ஜூன் மாதத் தொடக்கத்தில் நண்பர் சிலருடன் காணச் சென்றார். சிறைக்காவலரின் வீடே ஒரு மதுக்கடை! கட்டணத்தில் வாழும் காவலர் மதுவும் விற்பது அக்கால வழக்கம். கைதியை மதுக்கடைக்கே அழைத்து வந்து காட்டினர். சைகையால் பேசினர். அவர் இரண்டொரு வரி எழுதினார். எழுதியதை வாசித்தபோது அல்லாஹ், முஹம்மது என்னும் இரு சொற்கள் மட்டும் அவர்கள் செவியில் விளங்கின. ஒரு கிண்ணம் மதுவை நீட்டினர், மறுத்தார். இவ்விரண்டாலும் இவர் முஸ்லிம் என்று உணர்ந்தனர். எந்நாட்டார் என்பது மட்டும் புரியவில்லை.

சற்றே நின்று இக்காட்சியை எண்ணிப் பார்ப்போம். பெயர் கேட்பாரில்லை, கேட்டாலும் சொல்ல மொழியில்லை. அந்நிலையில் ஒருவர் தம்மை அறிவிக்க இரண்டே சான்றுகள் எஞ்சியிருந்தன. ஒன்று, கையில் இருந்த எழுத்து. மற்றொன்று, கையால் தொட மறுத்த கிண்ணம்.

சில நாள்கள் கழிந்தன. அவ்வூரின் அருகே வாழ்ந்த முதிய கறுப்பர் ஒருவர் சிறைக்கு வந்தார். வோலோஃப் மொழி பேசத் தெரிந்தவர். அய்யூபும் அம்மொழி அறிவார். அப்பெரியவர் வழியாகவே கைதி எங்கிருந்து வந்தவர், ஏன் ஓடிவந்தார் என்பன சிறைக்காவலருக்குத் தெரிந்தன. எசமானனுக்குக் கடிதம் பறந்தது. அவர் வந்து அழைத்துச் சென்றார். தொழுவதற்கு ஓர் இடமும் ஒதுக்கித் தந்தார்.

அய்யூப் தம் தந்தைக்கு அரபியில் ஒரு கடிதம் எழுதினார். ஆப்பிரிக்கா செல்ல வேண்டிய அக்கடிதம் கப்பல் கிடைக்காமல் இலண்டனில் தேங்கி, ஜேம்ஸ் ஒகல்தார்ப் என்பவர் கைக்குச் சென்றது. இவர் யார்? கடன் சிறையில் தம் நண்பர் ஒருவர் மாண்டதைக் கண்டு மனம் நொந்து, 1729இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அமைத்த சிறை விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அடிமை வாணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியிலும் பதவி வகித்தவர். மனித உள்ளத்தில் இவ்விரண்டும் ஒருங்கே குடியிருந்தன என்பதே அக்காலத்தின் விந்தை! ஆக்ஸ்ஃபோர்டில் கடிதத்தை மொழிபெயர்க்கச் செய்து படித்த ஒகல்தார்ப், 45 பவுனுக்குப் பிணைமுறி எழுதிக்கொடுத்து அய்யூபை விடுவிக்க ஏற்பாடு செய்தார்.

1733இல் இலண்டன் வந்து சேர்ந்த அய்யூப், நினைவிலிருந்தே திருக்குர்ஆன் முழுவதையும் மூன்று படிகள் எழுதினார். ஓவியர் வில்லியம் ஹோர் அவர் உருவத்தைத் தீட்டினார். கழுத்தில் திருமறை தொங்க, வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்த ஓவியம் அது. 1734இல் தாயகம் திரும்பினார். தந்தை அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அதே ஆண்டில் புளூயட் இவர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். காம்பியாவில் இவரை வரவேற்ற பிரான்சிஸ் மூர் என்பார் எழுதிய குறிப்பில், திரும்பிய பின் அய்யூப் ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கினார் என்றும் உள்ளது. படிக்கும் நமக்கு நெஞ்சு சுடுகின்றது. சிறையும் விலங்கும் பட்டறிந்தவரும் அந்த முறையைத் துறக்கவில்லை. வரலாற்றை எழுதுவோர் தம்மவரின் பெருமையை எழுதும் மையாலேயே இதனையும் எழுதத்தான் வேண்டும்.

பதினாறு பகலும் பதினாறு இரவும்

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன. அய்யூப் பிறந்த புண்டுவுக்கு அண்டை நாடான ஃபூத்தா தோரோவில் 1770 அளவில் பிறந்தவர் உமர் இப்னு ஸயீத். இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807இல் படையெடுத்து வந்தோர் பலரைக் கொன்று இவரைப் பிடித்துச் சென்று விற்றனர். ஒன்றரை மாதக் கடற்பயணத்துக்குப் பின் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விலைபோனார். பின்னர் இவரை வாங்கியவன் இறையச்சமற்ற கொடியவன். அவனிடமிருந்து தப்பி, ஒரு மாத காலம் நடந்து, 1810இல் வட கரோலினாவை அடைந்தார்.

புதுப்பிறை தோன்றிய வேளை. தொழுவதற்காக ஒரு வீட்டினுள் நுழைந்தார். அது கிறித்தவ ஆலயம் என்பது ஆய்வாளர் கருத்து. குதிரையில் வந்த சிறுவன் கண்டு தன் தந்தையிடம் சொன்னான். நாய்களோடு வந்து பிடித்தனர். 12 மைல் நடத்திச் சென்று, கம்பர்லாந்து கவுண்டியின் தலைநகரான ஃபேயட்வில் சிறையில் அடைத்தனர். அய்யூபைச் சிறையில் தள்ளியதும் தொழுகையில் நேர்ந்த துன்பம். உமரைப் பிடித்துக் கொடுத்ததும் தொழுகை. இந்த ஒற்றுமை நம் உள்ளத்தை உருக்குகின்றது.

இவற்றை நாம் அறிவது உமரே 1831இல் அரபியில் 15 பக்கங்களில் எழுதிய தன்வரலாற்றால். வெளியே வர முடியாத ஒரு பெரிய வீடு என்று அச்சிறையை வருணித்து, 'ஜெயில்' என்னும் ஆங்கிலச் சொல்லை அப்படியே அரபு எழுத்தில் எழுதுகின்றார். பதினாறு பகலும் பதினாறு இரவும் அங்கே இருந்ததாகக் கணக்கும் தருகின்றார். அறைச் சுவர்களில் கரித்துண்டால் அவர் அரபியில் எழுதி நிரப்பினார் என்றும், அவ்விந்தையைக் காண ஊரார் திரண்டனர் என்றும் அவரைப் பற்றிப் பின்னாளில் எழுதியோர் கூறுவர். ஒரு வெள்ளிக்கிழமையன்று கதவு திறக்கப்பட்டது. கூட்டத்தில் சிலர் அவர் பெயரைக் கேட்டனர். உமரா, ஸயீதா என்று வினவினர். கேட்டது அவருக்கு விளங்கவில்லை. ஜும்ஆ நாளில் ஓர் ஆலிமின் பெயரைக் கேட்க ஒரு கூட்டம் நின்றது. பதில் சொல்ல அவரிடம் அவர்களின் மொழி இல்லை!

அங்கிருந்து பாப் மம்ஃபோர்டு என்பவர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அவருடைய மருமகனான ஜிம் ஓவன் இவரை விலைக்கு வாங்கி, அண்டைக் கவுண்டியான பிளேடனுக்குக் கொண்டு சென்றார். எஞ்சிய ஐம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளை உமர் அக்குடும்பத்திலேயே கழித்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில், தொண்ணூறு வயதைக் கடந்து, அடிமையாகவே உயிர் துறந்தார்.

கிறித்தவ ஆலயத்தில் அவர் சேர்க்கப்பட்டார் என்பது பதிவு. அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். நம் கையில் இருப்பவை அவருடைய எழுத்துகள். தன்வரலாற்றை அவர் சூரத்துல் முல்க் எழுதித் தொடங்குகின்றார். உடைமையும் ஆட்சியும் இறைவன் ஒருவனுக்கே உரியவை என்பதே அவ்வத்தியாயத்தின் தொடக்கப் பொருள். பிறர் உடைமை என்று விலை பேசப்பட்ட ஒருவர், தம் கதையைச் சொல்லுமுன் அச்சொல்லை எழுதியது தற்செயல் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை. 1857இல் அவர் எழுதித் தந்த ஒரு தாளைக் கிறித்தவரின் வேண்டுதல் என்று நம்பி வைத்திருந்தனர். அரபு அறிந்தோர் படித்தபோது அது சூரத்துன் நஸ்ர் என்று தெரிந்தது. அவருடைய தன்வரலாற்றுக் கையெழுத்துப்படியை 2017இல் அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் பெற்றது. ஃபேயட்வில் நகரில் அவர் பெயரால் ஒரு பள்ளிவாசலும் உள்ளது.

எந்த ஏட்டில் தேடுவது?

அக்காலக் கவுண்டிச் சிறையில் அடைபட்ட ஒருவரை இன்று தேடப் புகுவோர் நான்கு வகை ஏடுகளைப் புரட்ட வேண்டும். முதலாவது, சிறைப் பதிவேடு. வந்த நாள், ஒப்படைத்தவர், காரணம், வெளியேறிய நாள், வெளியேறிய விதம் என்பன அதில் இருக்கும். இரண்டாவது, கவுண்டி நீதிமன்றக் குறிப்பேடு. மூன்றாவது, ஷெரீஃபின் கணக்கு; எத்தனை நாள் உணவு, எவ்வளவு கட்டணம் என்று அது பேசும். நான்காவது, செய்தித்தாள். வட கரோலினாவின் பழைய கவுண்டி ஏடுகள் ராலே நகரிலும், டெலவேரின் ஏடுகள் டோவர் நகரிலும் மாநில ஆவணக் காப்பகங்களில் உள்ளன. சிறைக்காவலர்கள் செய்தித்தாள்களில் வெளியிட்ட ஆயிரக்கணக்கான அறிவிப்புகளைக் கார்னெல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் திரட்டிக் கணினியில் பதிந்து வருகின்றன.

அவ்வறிவிப்புகள் எல்லாம் ஒரே வார்ப்பு. உயரம், நிறம், உடலில் உள்ள தழும்புகள், உடை, தன் பெயர் என்று அவர் சொன்னது, தன் எசமானன் என்று அவர் சொன்னது. முடிவில் ஒரு வேண்டுகோள்: உடைமையாளர் வந்து, உடைமையை மெய்ப்பித்து, செலவைக் கட்டி, எடுத்துச் செல்க! தழும்பை அளந்து எழுதிய கை, தந்தையின் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

தேடுவோருக்கு மற்றுமோர் இடர் உண்டு. அய்யூப் அவ்வேடுகளில் 'ஜாப்' ஆகிவிடுவார். உமர் 'மோரோ' ஆகிவிடுவார். 'மோரோ மாமா' என்றும் 'இளவரசர் மோரோ' என்றும் வழங்கப்படுவார். தாய் தந்தையர் அகீகா கொடுத்துச் சூட்டிய பெயரைக் கொண்டு தேடினால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். பிடித்தவர் காதில் விழுந்த பெயரைக் கொண்டே தேட வேண்டும். புளூயட் மட்டும் அய்யூபின் தந்தை பெயரையும் பாட்டனார் பெயரையும் கேட்டு எழுதி வைத்தார். அந்த ஒரு செயலுக்காகவே அவர் நம் நன்றிக்கு உரியவர்.

ஆயினும் அதே அறிவிப்பு ஒருமுறை வேறு விதமாகவும் பயன்பட்டது. 1826இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் கவுண்டியைச் சேர்ந்த கில்பர்ட் ஹார்ட்டன் என்னும் சுதந்திரக் கறுப்பர் வாஷிங்டனில் பிடிபட்டுச் சிறை வைக்கப்பட்டார். எசமானன் வராவிட்டால் சிறைக் கட்டணத்துக்காக அவரை விற்றுவிடுவதாகச் செய்தித்தாளில் அறிவித்தனர். அந்தத் தாள் அவருடைய ஊரார் கண்ணில் பட்டது. ஊரார் கூடினர்; மாநில ஆளுநர் டிவிட் கிளிண்டன், குடியரசுத் தலைவருக்கு எழுதினார்; ஹார்ட்டன் விடுதலை பெற்றார். எசமானனுக்காக எழுதிய எழுத்தை அண்டை வீட்டார் படித்தமையால் ஒரு மனிதர் மீண்டார். மறைத்து வைக்கும் சிறையைவிட, பெயரை வெளியிடும் சிறை மேல் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இன்றைய நிலை

அமெரிக்காவில் இன்றும் மூவகைச் சிறைகள் உள்ளன. விசாரணைக் கைதிகளும் பெரும்பாலும் ஓராண்டுக்குட்பட்ட தண்டனை பெற்றோரும் கவுண்டிச் சிறையில். நீண்ட தண்டனை பெற்றோர் மாநிலச் சிறையில். ஒன்றிய அரசின் சட்டத்தை மீறியோர் ஒன்றியச் சிறையில். ஏறத்தாழ மூவாயிரம் கவுண்டிகள் கொண்ட அந்நாட்டில், 2022இல் மட்டும் கவுண்டி, நகரச் சிறைகளுக்குள் ஆட்கள் கொண்டுவரப்பட்ட தடவைகள் 70 இலட்சத்துக்கும் மேல். உள்ளே இருப்போரில் மூன்றில் இரு பங்கினர் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறாதவர்கள். அவர்களுள் பலர் பிணைத்தொகை கட்ட இயலாதவர்கள். கட்டணம் கட்ட வழியின்றிக் கிடந்தோரை ஜான் ஹோவர்டு கண்ட காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை. அய்யூப் அடைபட்ட கென்ட் கவுண்டியிலோ இன்று கவுண்டிச் சிறையே இல்லை. டெலவேரில் மாநில அரசே எல்லாச் சிறைகளையும் நடத்துகின்றது.

பல கவுண்டிகளில் கைதிகளின் பட்டியலை ஷெரீஃப் அலுவலகமே கணினி வழியாக வெளியிடுகின்றது. தேடுவோர் எந்தக் கவுண்டியில் பிடிபட்டார் என்பதை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி ஏடு. 1982க்குப் பின் ஒன்றியச் சிறையில் இருந்தோருக்குத் தனிப் பட்டியல் உண்டு. குடியேற்றத் துறையால் பிடிக்கப்பட்ட அயல்நாட்டாரும் ஒப்பந்தப்படி கவுண்டிச் சிறைகளில் வைக்கப்படுவதுண்டு. அவர்களைத் தேடப் பதிவு எண் வேண்டும், அல்லது ஏட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாத பெயரும் பிறந்த நாடும் வேண்டும். தந்தை பெயரை முன்னே வைத்து எழுதும் நம் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் அய்யூபை ஜாப் ஆக்கிய இடர் இன்றும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை.

பெயர் தெரியாப் பெரியவர்

எழுதத் தெரிந்தமையால் அய்யூபும் உமரும் நம்மை வந்தடைந்தனர். எழுதத் தெரியாமல் அதே சிறைகளில் கிடந்தோர் எத்தனை ஆயிரம்! உயரமும் தழும்பும் மட்டும் தாளில் நிற்க, அவர்கள் யாருடைய மக்கள் என்பது மறைந்துபோயிற்று.

அவர்களோடு மற்றொருவரையும் நாம் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். கென்ட் கவுண்டிச் சிறைக்கு வந்து வோலோஃப் மொழியில் பேசிய அந்த முதியவர் யார்? அவருக்கும் ஒரு தாய் பெயரிட்டு அழைத்திருப்பாள். புளூயட்டின் நூலில் அவர் ஒரு முதியவர், அவ்வளவே. அரபுக் கடிதம் எழுதிய அறிஞரின் பெயர் நிலைத்தது. அவர் வாய் திறக்க வழி செய்தவரின் பெயர் நிலைக்கவில்லை. யூசுஃப் நபி (அலை) அவர்களின் சிறைத்தோழன் விடுதலை பெற்றபின் மறந்தான். இவரோ முன்பின் அறியாத கைதியை நாடி வந்தார்.

மனிதரின் ஏடுகளில் விடுபட்டவர்கள் இறைவனின் ஏட்டில் விடுபடுவதில்லை என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை நம் கடமையைக் குறைத்துவிடாது. சிறையில் இருப்பவர் எவராயினும், அவர் பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் கேட்டறிந்து, கேட்டதை மறவாமல் வெளியே கொண்டு வந்து சேர்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.